அண்ணனுக்கு ஓட்டு உண்டு... தம்பிக்கு இல்லை!

2025 நவம்பரில் தொப்பம்பட்டி ஒன்றியத்திலும் மற்ற ஊர்களைப் போலவே 'படிவம் வந்துருச்சா?' என்பதுதான் பேச்சு. வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிரத் திருத்தத்துக்காக, அதாவது எல்லோர் வாயிலும் புழங்கிய எஸ்.ஐ.ஆருக்காக, வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் நவம்பர் 4 முதல் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். 2002, 2005 பட்டியல்களில் உங்கள் பெயர் எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருந்தது என்று கேட்டது அந்தப் படிவம். போன வாரம் முருங்கை என்ன விலைக்குப் போனது என்று கேட்டால் டக்கென்று சொல்பவர்கள்கூட, இருபது வருஷத்துக்கு முந்தைய பாகம் எண்ணைத் தேடித் திணறித்தான் போனார்கள்.

அந்தக் கெடுபிடியில் பலரும் கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. பழைய பட்டியலோடு பெயர் பொருந்தாமல் நோட்டீஸ் வந்தால் என்னென்ன ஆவணம் காட்ட வேண்டும் என்பதை, பிறந்த தேதியை வைத்து மூன்றாகப் பிரித்திருந்தார்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவரா? உங்களுக்கான ஆவணம் ஒன்று போதும். அன்றிலிருந்து 2004 டிசம்பர் 2 வரைக்குள் பிறந்தவரா? உங்களுடையதோடு அப்பா அல்லது அம்மாவின் ஆவணமும் வேண்டும். அதற்கும் பிறகு பிறந்தவர் என்றால் அப்பா, அம்மா இருவருடையதும் வேண்டும்.

தாத்தாவுக்கு ஒரு சான்று, அப்பாவுக்கு இரண்டு, பேரனுக்கு மூன்று. ஒரே வீடு, ஒரே ரேஷன் கார்டு. இது ஏன் இப்படி?

1987 ஜூலை 1-ல் என்ன நடந்தது?

தேர்தல் ஆணையம் இந்தத் தேதிகளைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. குடியுரிமைச் சட்டம், 1955-ன் மூன்றாவது பிரிவிலிருந்து அப்படியே எடுத்தவை அவை. அரசியல் சட்டத்தின் 326-வது பிரிவின்படி, வாக்காளராக இருக்க முதல் தகுதி இந்தியக் குடிமகனாக இருப்பது. வயதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆரம்பத்தில் கணக்கு சுலபமாக இருந்தது. இந்திய மண்ணில் பிறந்தால் இந்தியர். அப்பா எந்த நாடு, அம்மா எந்த நாடு என்று யாரும் கேட்க மாட்டார்கள். தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் போன்ற ஒன்றிரண்டு விதிவிலக்குகள் மட்டும்தான். 1985-ல் அஸ்ஸாம் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தினார்கள். வங்கதேசத்திலிருந்தும், இலங்கையிலிருந்தும், சில ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பெருமளவில் ஆட்கள் வருவதாகத் திருத்தத்துக்குக் காரணம் சொன்னது அன்றைய மத்திய அரசு. 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் இங்கே பிறந்த குழந்தையும் இந்தியர் என்று ஆனது. 2004 டிசம்பர் 3-ல் கயிறு இன்னும் இறுகியது. இப்போது பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராகவும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

தொப்பம்பட்டியில் தலைமுறை தலைமுறையாக வசிக்கும் ஒரு விவசாயி வீட்டுக்கு இதெல்லாம் ஆவணத் தொல்லை மட்டும்தான். பீரோவைக் கவிழ்த்துத் தேடினால் ஏதாவது ஒரு சான்றிதழ் சிக்கிவிடும். ஆனால் இதே மாவட்டத்தில், இந்தத் தேதிகள் வாழ்க்கையையே இரண்டாக வெட்டிப்போட்ட வீடுகளும் இருக்கின்றன.

விருப்பாச்சியிலும் தோட்டனூத்திலும்...

மலை வாழைக்குப் பேர்போன விருப்பாச்சி, ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே ஓர் இலங்கைத் தமிழர் முகாம் உண்டு. திண்டுக்கல் நகரத்தை ஒட்டிய தோட்டனூத்தில் இன்னொன்று. 2022 செப்டம்பரில் 321 புதிய வீடுகள் கட்டித் திறக்கப்பட்டது அங்கேதான். 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 2021-ல் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட இந்த முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முகாமுக்கு வெளியே பதிவுசெய்துகொண்டு வசிப்பவர்கள் தனி.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகுதான் அவர்கள் படகேறி வர ஆரம்பித்தார்கள். அன்று கைக்குழந்தையாக வந்தவருக்கு இன்று நாற்பது வயது தாண்டிவிட்டது. முகாமிலேயே பிறந்து, உள்ளூர் அரசுப் பள்ளியில் படித்து, பெயின்ட் அடிக்கவோ மில் வேலைக்கோ போய், கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். பேச்சில்கூட பலருக்கு யாழ்ப்பாணத்துச் சாயல் கரைந்துவிட்டது. தேர்தல் அன்று ஊரே விரலில் மை வைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கும்போது, அவர்களுக்கு அது வெறும் விடுமுறை நாள்.

இனி சட்டத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1984-ல் ஒரு தம்பதி மண்டபம் வந்து இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1986-ல் முகாமில் மூத்த பையன் பிறக்கிறான். சட்டப்படி அவன் இந்தியன். யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, பிறந்ததே போதும். 1988-ல் இளையவன் பிறக்கிறான். அதே முகாம், அதே அப்பா அம்மா. ஆனால் அவன் இந்தியன் இல்லை. இலங்கைக் குடியுரிமைக்கும் முறைப்படி பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அவன் எந்த நாட்டுக்காரன்?

அடுத்த தலைமுறையில் முடிச்சு இன்னும் சிக்கலாகிறது. 1986-ல் முகாமில் பிறந்த ஒரு பெண், இலங்கையில் பிறந்து படகில் வந்த ஒருவரைத் திருமணம் செய்கிறார். 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்த குழந்தைக்கு அம்மா இந்தியர் என்பது போதும். அதற்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு அது போதாது. ஏனென்றால் பாஸ்போர்ட் இல்லாமல் வந்த அப்பா, அரசின் கணக்கில் 'சட்டவிரோதக் குடியேறி'. உயிர் தப்பிப் படகேறும்போது பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் யார் போய் நின்றிருப்பார்கள் என்பது வேறு கேள்வி. உள்ளூர் இளைஞர் ஒருவர் முகாமில் வளர்ந்த பெண்ணைக் கட்டிக்கொண்டாலும் இதே சிக்கல்தான். சட்டத்தின் எழுத்துப்படி, பிறப்பால் வரும் குடியுரிமை அந்தக் குழந்தைக்குச் சந்தேகம்.

2024 ஏப்ரல் 19

இந்தச் சட்டப் பிரிவு புத்தகத்தில் இருந்தும், பல வருஷங்களுக்கு முகாம்களில் யாரும் அதைப் பயன்படுத்திப் பார்க்கவில்லை. முகாமில் பிறந்தால் அகதிதான் என்று அதிகாரிகளும் நினைத்தார்கள், முகாம்காரர்களும் நினைத்தார்கள். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வசித்த ஒரு பெண்தான் அதை உடைத்தார். 1986-ல் மண்டபத்தில் பிறந்தவர். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தது. 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் என்பதால் அவர் இந்தியர்தான், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று 2022 ஆகஸ்ட்டில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் உத்தரவிட்டார்.

அதன்பின் வாக்காளர் அட்டையும் வந்தது. 2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல் நாளில் திருச்சியில் அவர் தன் முதல் ஓட்டைப் போட்டார். அப்போது அவருக்கு 38 வயது ஆக இரண்டு நாள்கள் பாக்கி. தமிழ்நாட்டு முகாம் ஒன்றிலிருந்து போய் வாக்களித்த முதல் நபர் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த முகாமில் அன்று வாக்களித்தவர் அவர் ஒருவர்தான்.

இதில் பிறப்புச் சான்றிதழின் பங்கை மறந்துவிடக் கூடாது. அதே 1983-87 காலத்தில் முகாம்களில் பிறந்த மற்றவர்களுக்கும் அதே உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் பிறக்காமல் முகாம் அறையிலேயே பிறந்து, பதிவும் செய்யாமல் விட்டவர்கள், எங்கே எப்போது பிறந்தோம் என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது? ஆதார் இருக்கலாம். ஆனால் ஆதார் குடியுரிமைச் சான்று அல்ல.

2019-ல் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களுக்கு உதவவில்லை. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகள்தான் அந்தப் பட்டியலில் உண்டு, இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு விலக்கு கொடுத்தது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட் இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது என்பதுதான் அது. தலைக்கு மேல் தொங்கிய கத்தி விலகியது, அவ்வளவுதான். குடியுரிமையோ ஓட்டோ அதில் வரவில்லை.

ஓட்டு இருந்தது, பறித்தார்கள்

இவர்களில் ஒரு பகுதியினரின் கதை, அன்றைய மதுரை ஜில்லாவிலேயே ஆரம்பிக்கிறது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான். அதற்கு முன் இது மதுரை மாவட்டம். மதுரை, திருச்சி, சேலம், ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்துப் போனார்கள். மலையகத் தமிழர் என்று இன்று சொல்லப்படுபவர்கள் அவர்களின் வழிவந்தவர்கள்.

இலங்கையில் 1931-லேயே வயது வந்தோர் வாக்குரிமை வந்துவிட்டது. அப்போது இங்கே திண்டுக்கல்லில் சொத்தும் வரியும் படிப்பும் இருந்த மிகச் சிலருக்குத்தான் ஓட்டு. ஆக, ஊரில் இருந்த அண்ணனுக்கு இல்லாத ஓட்டு, கடல் தாண்டிக் கொழுந்து பறிக்கப் போன தம்பிக்குக் கிடைத்தது. எல்லோருக்கும் இல்லை. அங்கேயும் வசிப்பிடச் சான்று என்ற முட்டுக்கட்டை இருந்தது. ஆனாலும் 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலிருந்து நாடாளுமன்றம் போனார்.

மறு வருஷமே வினை வந்தது. சுதந்திர இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம், அப்பாவோ தாத்தாவோ இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. லயன் அறையில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளியிடம் அந்தக் காகிதம் எங்கே இருக்கும்? 1949-ல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு என்றார்கள். லட்சக்கணக்கானவர்கள் ஒரே அடியில் பட்டியலிலிருந்து போனார்கள். 1952 தேர்தலில் ஏழு இடம் பூஜ்யமானது.

1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தோட்டக்காட்டில் விளைந்ததைக் குத்தகைக்காரர்கள் பங்கு போடுவதுபோலத்தான் இருந்தது அது. அப்படி இந்தியப் பங்கில் வந்தவர்கள் நீலகிரியிலும், நம் கொடைக்கானல் மலையிலும், வேறு பல ஊர்களிலும் குடியேறினார்கள். அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. குடியுரிமையோடு வந்ததால் ஓட்டும் கிடைத்தது. ஒப்பந்தத்தில் வராமல் அங்கேயே தங்கி, வடக்கே வன்னிப் பக்கம் நகர்ந்து, 1983-க்குப் பிறகு கலவரத்தால் ஓடிவந்தவர்கள் 'அகதிகள்'. அவர்களுக்கு ஓட்டு இல்லை. இருவருக்கும் பாட்டனார் ஊர் மதுரை ஜில்லாவாக இருந்தாலும்தான்.

இலங்கையில் மிச்சமிருந்தவர்களின் குடியுரிமையை 2003-ல் ஒரு சட்டம் தீர்த்து வைத்தது. அங்கே மலையகத் தமிழர்கள் இன்று ஓட்டுப் போடுகிறார்கள், அமைச்சர்களும் ஆகிறார்கள்.

லண்டனில் போடலாம், துபாயில் முடியாது

இதற்கு நேர் எதிரான ஒரு கூத்தையும் பார்க்கலாம். தொப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவர் எம்.எஸ்சி. படிக்க லண்டன் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். போன சில மாதங்களிலேயே அவர் பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட முடியும். முறையான விசாவோடு அங்கே வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு அந்த உரிமை உண்டு. வாக்குச்சாவடியில் அடையாளத்துக்கு இந்திய பாஸ்போர்ட்டைக் காட்டினாலே ஏற்றுக்கொள்வார்கள். சூரியன் மறையாத சாம்ராஜ்யமாக இருந்த காலத்தில் எல்லோரும் 'பிரிட்டிஷ் பிரஜை'. அந்தப் பழைய கணக்கின் மிச்சம் இது. போய் ஒரு வருஷம்கூட ஆகாத மாணவருக்கு லண்டனில் ஓட்டு உண்டு. நாற்பது வருஷமாக விருப்பாச்சியில் இருப்பவருக்கு ஒட்டன்சத்திரம் தொகுதியில் இல்லை.

நியூசிலாந்து இன்னும் தாராளம். நிரந்தர வசிப்புரிமை வாங்கி, ஒரு வருஷம் தொடர்ந்து அங்கே இருந்திருந்தால், குடியுரிமை இல்லாமலே வாக்களிக்கலாம். துபாய், சவூதிப் பக்கம் போனவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. அங்கே எத்தனை வருஷம் உழைத்தாலும் வெளிநாட்டுக்காரர் வெளிநாட்டுக்காரர்தான்.

புதுச்சேரியில் இன்னொரு வேடிக்கை. 1962-ல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று வழி விட்டார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர், கொடுக்காதவர்கள் இந்தியர். அவர்களின் வாரிசுகள் உட்பட சுமார் 4,500 பேர் இன்றும் பிரான்ஸ் அதிபர் தேர்தலில் வாக்காளர்கள். பாரீஸையே பார்க்காதவர்கள்கூட அதில் இருப்பார்கள். ஆனால் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் கேள்வி கேட்க, புதுச்சேரி எம்.எல்.ஏ. தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை.

நம் ஊர்க்காரர்கள் வெளிநாட்டிலிருந்து இங்கே போடலாமா? போடலாம், 2011 முதல் சட்டத்தில் இடம் இருக்கிறது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காமல் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் படிவம் 6ஏ கொடுத்துப் பதிய வேண்டும். வாக்குப்பதிவு நாளில் அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்து நிற்க வேண்டும். கடைசி நிபந்தனையில்தான் எல்லாம் கவிழ்கிறது. 2024-ல் சுமார் 1.19 லட்சம் பேர் பதிந்திருந்தார்கள். வந்து போட்டவர்கள் நாடு முழுக்க 3,000 பேர்கூட இல்லை. அதிலும் பெரும்பாலானவர்கள் கேரளத்துக்காரர்கள். ஒரு ஓட்டுக்காக விமான டிக்கெட் போட யாருக்குக் கட்டுபடியாகும்?

திண்டுக்கல் பார்த்த தகுதிகள்

ஓட்டுக்கான தகுதி எப்போதும் இன்றைக்கு இருப்பதுபோல இருந்ததில்லை. 1951-52-ல் முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, வட மாநிலங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்து, 'இன்னார் மனைவி', 'இன்னார் அம்மா' என்றே சொன்னார்கள். பெயர் சொல்லாதவர்களைப் பட்டியலில் சேர்க்க முடியாது என்று உறுதியாக இருந்தார் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். அதனால் ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் அந்தத் தேர்தலில் ஓட்டை இழந்தார்கள். குடியுரிமையும் வயதும் இருந்தும், பெயர் இல்லாமல் போன ஓட்டுகள் அவை.

வயது விஷயத்தில் திண்டுக்கல்லுக்கே ஒரு கதை உண்டு. 1973 மே 20, திண்டுக்கல் இடைத்தேர்தல். அ.தி.மு.க. ஆரம்பித்து ஏழே மாதம். மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று ஜெயித்தார். 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியாகி ஒன்பதாவது நாள் அது. அப்போது ஓட்டுப் போடும் வயது 21. ஆகவே பத்தொன்பது வயது ரசிகர் படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம், இரட்டை இலைக்கு ஒரு ஓட்டுப் போட்டிருக்க முடியாது. வயது 18 ஆனது 1989 மார்ச் 28-ல். அதே ஆண்டு ஜனவரியில் நடந்த தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலை அந்த வயதுக்காரர்கள் வேடிக்கைதான் பார்த்தார்கள். நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் போட்டார்கள். மலேசியாவில் இந்த மாற்றம் 2021 டிசம்பரில்தான் வந்தது. சிங்கப்பூரில் இன்றும் 21. ஆஸ்திரியாவில் 16.

சிறைக் கணக்கு இன்னும் விசித்திரம். சிறைக்குள் இருப்பவர், விசாரணைக் கைதியாகவே இருந்தாலும், இந்தியாவில் ஓட்டுப் போட முடியாது. ஆனால் தண்டனையால் தகுதி இழக்காதவரை உள்ளிருந்தே தேர்தலில் நிற்கலாம். ஜெயித்தும் வரலாம், தனக்குத் தானே ஒரு ஓட்டுப் போட்டுக்கொள்ளத்தான் முடியாது.

முகாமில் பிறந்தவர்கள் தேட வேண்டியது

முகாம் விஷயத்துக்கு வருவோம். 1987 ஜூலை 1-க்கு முன் தமிழ்நாட்டு முகாமில் பிறந்தவர்களுக்கு முதலில் தேவை பிறப்புச் சான்றிதழ். பிறப்பு அப்போதே பதிவாகியிருந்தால், அந்த ஊரின் உள்ளாட்சி அலுவலகத்திலோ தாலுகா அலுவலகத்திலோ நகல் கிடைக்கும். பதிவாகாமலே போயிருந்தால், தாமதப் பதிவுக்கு இப்போதும் சட்டத்தில் வழி உண்டு. ஒரு வருஷம் கடந்த பிறப்புகளைப் பதிய வருவாய்த் துறையின் உத்தரவு வேண்டும். பிறந்த ஆஸ்பத்திரியின் பதிவேடு, முகாமின் பழைய குடும்பப் பதிவு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் என்று கிடைப்பதையெல்லாம் திரட்டி வைத்துக்கொள்வது உதவும். சான்று கைக்கு வந்தபின் படிவம் 6. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று வருஷத்தில் நான்கு தகுதி நாள்கள் இருப்பதால், புதிதாக 18 ஆகும் பிள்ளைகளும் அடுத்த ஜனவரிவரை காத்திருக்க வேண்டியதில்லை.

அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்த தம்பிக்கு இந்த வழி கிடையாது. பதிவு மூலமாகவோ, இயல்பு வாழ்வு மூலமாகவோ குடியுரிமை கேட்கலாம் என்று சட்டத்தில் ஐந்தாவது, ஆறாவது பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் 'சட்டவிரோதக் குடியேறி' என்று முத்திரை விழுந்தவர் அந்த வாசலுக்கே போக முடியாது. கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த 65 மலையகத் தமிழர்கள் இதே கோரிக்கையோடு மதுரைக் கிளைக்குப் போனார்கள். புதிதாக விண்ணப்பம் வாங்கி, பரிவோடு பரிசீலியுங்கள் என்று 2019 ஜூனில் தீர்ப்பு வந்தது. அந்த முத்திரையை எடுக்க வேண்டிய இடம் டெல்லி. தோட்டனூத்தில் வீடு கட்டிக் கொடுத்த மாநில அரசுக்கு அந்த அதிகாரம் இல்லை.